கடல்நீர்த் தொட்டியில் நீர் மாற்றம்

கடல் மீன்களும் பவள உயிர்களும் வளரும் தொட்டியிலிருந்து பழைய நீரின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே அளவு புதிய கடல்நீரைச் சேர்க்கும் பணி நீர் மாற்றம் எனப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வேலையாட்களின் கைவேலையாகத் தொடங்கிய இப்பணி, இன்று வீட்டுத் தொட்டிகளில் சிறிய பம்ப்கள் மூலம் தானாகவே நடைபெறுகிறது. பவளப்பாறைகள் நிறைந்த மன்னார் வளைகுடாவும், அதில் கலக்கும் தாமிரபரணியும், அதன் கரையிலுள்ள திருநெல்வேலியும் இந்த வரலாற்றோடு பல வகையில் தொடர்புடையவை. 1986 அக்டோபர் 20 அன்று தனி மாவட்டம் பிரிக்கப்படும்வரை தூத்துக்குடிக் கடற்கரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

நீர் மாற்றத்தின் தேவை

கடலில் நீர் ஓய்வதில்லை. அலையும் நீரோட்டமும் உயிர்களின் கழிவை அகற்றி, அவற்றுக்கு வேண்டிய தாதுக்களைக் கொண்டுவருகின்றன. தொட்டியில் அது நிகழ்வதில்லை. மீனின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் இருந்து அம்மோனியா உருவாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுகிறது. மறுபுறம், பவள உயிர்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்ட நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துக்கொள்கின்றன. ஒன்று கூடுகிறது, மற்றொன்று குறைகிறது. இவ்விரண்டையும் ஒரே செயலால் ஈடுசெய்யும் முயற்சியே நீர் மாற்றம்.

தாமிரபரணிப் பகுதியின் குளங்களைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் திருநெல்வேலி டவுண் வழியே சென்று நயினார்குளத்துக்கு நீர் தருகிறது. குளத்துக்குக் கால்வாய் வழியே நீர் வருகிறது, மடை வழியே வயலுக்குப் போகிறது, மிகுந்தது மறுகால் வழியே அடுத்த நீர்நிலைக்குச் செல்கிறது. வரத்தும் போக்கும் உள்ள குளம் தெளிகிறது. வரத்து நின்ற குளம் பாசி பிடிக்கிறது. கடல்நீர்த் தொட்டி என்பது கால்வாயும் மறுகாலும் இல்லாத குளம். அவை இரண்டையும் அதற்கு எப்படி அமைத்துக் கொடுப்பது என்பதே நீர் மாற்றத்தின் வரலாறு.

தொடக்கம்: ஒரு பணிப்பெண்ணின் வேலை

வீட்டுக்குள் பவள உயிர்களை நெடுநாள் வளர்த்தவர்களில் முதலாமவராகக் குறிப்பிடப்படுபவர் லண்டனைச் சேர்ந்த ஆனா தின். 1846-ல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் கிடைத்த கல்பவளங்களை அவர் லண்டனுக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் கடற்கரையிலிருந்து தருவிக்கப்பட்ட கடல்நீரைக் கொண்டு நீரை மாற்றினார். கடல்நீர் போதிய அளவு கிடைக்காதபோது, திறந்த சன்னலருகே நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி, காற்றோட்டம் பெறச்செய்யும் முறையைக் கையாண்டார். நாள்தோறும் அரை மணிக்கும் மேலாக அந்த வேலையைச் செய்தவர் அவருடைய வீட்டுப் பணிப்பெண். பின்னர் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்ததால் உழைப்பு குறைந்தது. தம் ஆய்வை ஆனா தின் 1859-ல் வெளியிட்டார். அந்தப் பணிப்பெண்ணின் பெயர் பரவலாக அறியப்படவில்லை. தானியங்கி நீர் மாற்றக் கருவிகள் இன்று செய்யும் வேலை அவர் செய்த வேலையின் தொடர்ச்சியே.

1853-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியை நடுத்தர வர்க்க வீடுகளின் மோகமாக்கியது. அதே ஆண்டில் காஸ், கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்வோருக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் உருவாக்கும் முறையையும் வெளியிட்டார்.

அடுத்த பெரிய மாற்றம் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவரால் நிகழ்ந்தது. 1871-ல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் காட்சியகம் கடலிலிருந்து தொலைவில் இருந்தது. பிரைட்டனிலிருந்து கடல்நீர் ரயிலில் கொண்டுவரப்பட்டது. லாயிட் காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை நிலத்தடியில், இருட்டில் அமைத்தார். நீராவி எந்திரத்தால் இயங்கிய பம்ப்கள் அந்த நீரை இடைவிடாமல் மேலேற்றின. நீரைக் கொட்டிவிட்டுப் புதிது சேர்ப்பதற்குப் பதிலாக, இருக்கும் நீரையே சுழலவிட்டுத் தூய்மைப்படுத்தும் கருத்து இதன் வழியே வலுப்பெற்றது. இன்று தொட்டியின் அடியில் வைக்கப்படும் 'சம்ப்' எனும் துணைத்தொட்டி லாயிடின் நிலத்தடித் தேக்கத்தின் சிறு வடிவம்.

மதராஸும் மன்னார் வளைகுடாவும்

மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேரில் ஆராய்ந்து, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் பற்றி 1890-ல் நூல் வெளியிட்டார். சென்னை மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் அமைவதற்கும் அவரே தூண்டுதலாக இருந்தார். அது 1909-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1919-ல் மீன்வளத் துறையின் பொறுப்புக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்டது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவைச் சுற்றிய கரையோர உயிர்கள் பற்றி எஃப்.எச். கிரேவ்லி முதலியோரின் ஆய்வை அதே அருங்காட்சியகம் 1927-ல் வெளியிட்டது.

1947-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் மண்டபத்தில் செயல்பட்டு, 1971-ல் கொச்சிக்கு மாறியது. இந்நிறுவனத்தின் சி.எஸ். கோபிநாத பிள்ளை இந்தியப் பவளங்களை வகைப்படுத்தியவர்களில் முதன்மையானவர்.

தூத்துக்குடி: முத்துச்சிப்பிக் குஞ்சுகளின் நீர்

தமிழகக் கடற்கரையில் நீர் மாற்றம் பொழுதுபோக்காக அல்லாமல் தொழில்நுட்பமாக வளர்ந்த இடங்களில் ஒன்று தூத்துக்குடி. இயற்கையான முத்துப் பார்களில் சிப்பிகள் குறைந்து முத்துக்குளிப்பு நின்றுபோன நிலையில், 1972-ல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் முத்து வளர்ப்பு ஆய்வு தொடங்கியது. 1973-ல் கே. அழகர்சாமி தலைமையிலான குழு உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கியது. ஆனால் சிப்பிகளுக்குக் கடலையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 1981-ல் சிப்பிக் குஞ்சுகளை ஆய்வகத்திலேயே உருவாக்குவதில் அந்நிறுவனம் வெற்றிபெற்றது.

முத்துச்சிப்பியின் இளவுயிரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. சில வாரங்கள் நீரில் மிதந்தபின்னரே அவை ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அதுவரை அவை வாழும் நீரைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றியாக வேண்டும். நீரை அப்படியே திறந்துவிட்டால் உயிர்களும் போய்விடும். எனவே நுண்ணிய வலைச் சல்லடை வழியே நீரை வடித்து, சல்லடையில் தங்கிய இளவுயிரிகளை வடிகட்டிய புதுக் கடல்நீரில் விடுகிறார்கள். வெப்பமும் உப்புத்தன்மையும் பழைய நீரோடு பொருந்த வேண்டும். நீர் மாற்றத்தின் அடிப்படை விதிகள் அனைத்தும் இதில் அடங்கியுள்ளன: வெளியேறுவது கழிவாக மட்டும் இருக்க வேண்டும், உள்ளே வருவது அதிர்ச்சி தரக்கூடாது, இரண்டின் அளவும் ஒத்திருக்க வேண்டும்.

2000-க்குப் பின் இந்நிறுவனத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன் உள்ளிட்ட கடல் அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறைகளை உருவாக்கியது. பாறைகளிலிருந்து பிடிக்கப்படாத, வளர்க்கப்பட்ட மீன்கள் கிடைக்க இது வழிசெய்தது.

உப்பள உப்பும் கடல் உப்பும்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உப்பள உப்பை நன்னீரில் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஆகாது. அதன் காரணம் உப்பளத்தின் செயல்முறையிலேயே இருக்கிறது.

கடல்நீர் வெயிலில் சுண்டும்போது அதிலுள்ள பொருட்கள் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட்டும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. அதன் பிறகே சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, பாத்தியில் விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் இறுதியில் எஞ்சும் கசப்பு நீரில் தங்கி வெளியேற்றப்படுகின்றன. ஆக, நல்ல உப்பு என்பது கடலிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்கி எடுத்தது. பவளத்துக்குத் தேவைப்படுபவையோ அவைதாம். இயல்பான கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் கால்சியம் சுமார் 0.4 கிராம், மக்னீசியம் சுமார் 1.3 கிராம்.

உலகின் பெருங்கடல்கள் எங்கும் இந்த விகிதம் ஏறக்குறைய மாறாதது என்பதை, சேலஞ்சர் கப்பலின் 1872–76 பயணத்தில் சேகரிக்கப்பட்ட 77 நீர் மாதிரிகளைக் கொண்டு வில்லியம் டிட்மார் 1884-ல் உறுதிப்படுத்தினார். 1960-களில் சந்தைக்கு வந்த செயற்கைக் கடலுப்புப் பொடிகள் இந்த விகிதத்தையே பின்பற்றுகின்றன. கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ளவர்களும் பவளத்தொட்டி வைக்க இவை வழிவகுத்தன. பொடியைக் கரைக்கும் நன்னீரும் தூய்மையாக இருக்க வேண்டும். குழாய்நீரில் சேர்க்கப்படும் குளோரின் கடலுயிர்களுக்கு நஞ்சு. எனவே ஆர்.ஓ. வடிகட்டிய நீரே பயன்படுத்தப்படுகிறது.

சூளைச் சுண்ணாம்பும் தொட்டிச் சுண்ணாம்பும்

1961-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைத்துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை வெளியிட்டார். பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்களே நீரைத் தூய்மை செய்தன. 1970-களில் ஜெர்மன் மொழிப் பகுதியைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ், ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்க்கும் முறையைப் பரப்பினார். இதனால் நீர் மாற்றத்தின் எல்லையும் தெளிவாயிற்று. வேகமாக வளரும் பவளங்கள் ஒரு நாளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நாளுக்கு 1 சதவீதம் நீர் மாற்றினால், புதிய நீரிலுள்ள கால்சியம் முழுவதையும் கணக்கிட்டாலும் கிடைப்பது சுமார் 4 மில்லிகிராம் மட்டுமே. எனவே நீர் மாற்றத்தால் மட்டும் வளரும் பவளத்துக்கு உணவூட்ட முடியாது.

தூத்துக்குடிக் கடற்கரையில் இதே வேதியியல் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. பல பத்தாண்டுகள் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சூளைகளில் சுடப்பட்டுச் சுண்ணாம்பாயின. கால்சியம் கார்பைடு தயாரிப்புக்கும் அவை பயன்பட்டன. பவளம் சுடப்பட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து தொட்டியில் மீண்டும் பவளம். ஆனால் தொட்டியில் ஒரு கையளவு பவளம் வளர ஆண்டுகள் ஆகின்றன. சூளைக்குப் படகுப்படகாகச் சென்றது. பாறைகள் அழிந்ததால் அலையின் வேகத்தைத் தடுக்க எதுவும் இல்லாமல் போனது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. வான் தீவு பெருமளவு சுருங்கியது.

தானியக்கம்

வாளியும் ரப்பர் குழாயும் கொண்டு வாரம் ஒருமுறை நீர் மாற்றுவதே நெடுங்காலம் வீட்டுத் தொட்டிகளின் வழக்கம். தானியக்கம் மூன்று படிகளில் வந்தது.

முதற்படி, ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் மிதவை வால்வு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. எனவே நன்னீரே சேர்க்கப்பட வேண்டும். கோடையில் வெப்பநிலை 40 டிகிரியை நெருங்கும் திருநெல்வேலி போன்ற ஊர்களில் இது தவிர்க்கமுடியாதது.

இரண்டாம் படி, மறுகால் முறை. புதிய கடல்நீர் ஒரு பம்ப் வழியே மெல்லச் சேர்க்கப்படுகிறது. குறிப்பிட்ட மட்டத்துக்கு மேலேறும் நீர் துளை வழியே வெளியேறுகிறது. வரத்தும் போக்கும் தாமாகவே சமமாகின்றன. ஆனால் ஆவியாவதற்கு நன்னீர் ஈடு தனியே இல்லாவிட்டால், சேர்க்கப்படும் கடல்நீர் ஆவியானதன் இடத்தை நிரப்பி, உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாம் படி, இரட்டைக் குழாய்ப் பம்ப். சுழலும் உருளைகள் நெகிழ்குழாயை அழுத்தி நீரைத் தள்ளும் இவ்வகைப் பம்ப் முன்னரே மருத்துவத்தில் இரத்தத்தைச் செலுத்தப் பயன்பட்டது. ஒரே மோட்டாரில் இரு குழாய்களைப் பூட்டி, ஒன்று பழைய நீரை எடுக்க, மற்றொன்று புதிய நீரைச் சேர்க்கிறது.

சிறிது சிறிதாக மாற்றுவதால் புதிய நீரின் ஒரு பகுதியும் வெளியேறிவிடும் என்ற குறை சொல்லப்படுவதுண்டு. கணக்கு அந்தக் குறையை மிகச் சிறியதாகவே காட்டுகிறது. 300 லிட்டர் தொட்டியில் ஒரே தடவையில் 90 லிட்டர் மாற்றினால் பழைய நீரில் 30 சதவீதம் நீங்குகிறது. நாளுக்கு 3 லிட்டர் வீதம் 30 நாள் மாற்றினால் 26 சதவீதம் நீங்குகிறது. இரண்டுக்கும் ஆகும் உப்பு ஒன்றே, ஏறத்தாழ 3.15 கிலோ. வேறுபாடு 4 சதவீதமே. அதற்கு ஈடாகத் தொட்டியின் வெப்பமும் உப்புத்தன்மையும் திடீரென்று மாறாமல் இருக்கின்றன.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. குழாய்கள் தேயும்போது இரண்டின் அளவும் மாறுபடும். நாளுக்கு 3 லிட்டர் சேர்ந்து 3.15 லிட்டர் வெளியேறினால், குறையும் நீரை மிதவை வால்வு நன்னீரால் நிரப்பிவிடும். நீர்மட்டம் சிறிதும் மாறாது. உப்புத்தன்மையோ 35-லிருந்து 33.3 நோக்கி, பல மாதங்களில், மெல்ல இறங்கும். ஒரு கருவியின் பிழையை மற்றொரு கருவி மறைத்துவிடுகிறது. வாளியால் நீர் மாற்றியவர் வாரம் ஒருமுறையாவது தொட்டியின் முன் நின்றார், உப்பை அளந்தார். தானியக்கம் கைவேலையைக் குறைக்கிறது, அளவீட்டின் தேவையைக் குறைப்பதில்லை.

மின்வெட்டும் சைஃபனும்

தமிழகத்தில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியேயுள்ள மாவட்டங்கள் நீண்ட மின்வெட்டைச் சந்தித்தன. கடல்நீர்த் தொட்டிக்கு மின்வெட்டு இருவகையில் கேடு. ஓட்டம் நின்றால் நீரில் கரைந்த ஆக்சிஜன் சில மணிநேரத்தில் குறைகிறது. பம்ப் நின்றதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் குழாய் சைஃபனாக மாறி, தொட்டி நீரைத் தரைக்கு இழுத்துவிடவும் கூடும். இதைத் தவிர்க்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை இடப்படுகிறது. மட்டம் அந்தத் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். உருளைப் பம்ப்களில் குழாய் எப்போதும் அழுத்தப்பட்டே இருப்பதால் இந்தக் குறை அரிது. புதிய நீர்த் தேக்கத்தைச் சிறியதாக வைப்பதும் ஒரு பாதுகாப்பு. எல்லாக் கட்டுப்பாடும் தவறினாலும் தேக்கத்தில் உள்ளதற்கு மேல் தொட்டிக்குள் வராது.

வெளியேறும் நீரும் கவனத்துக்குரியது. மாதம் 90 லிட்டர் கழிவில் 3 கிலோவுக்கும் மேல் உப்பு உள்ளது. அதைச் செடிகளுக்கோ வாய்க்காலுக்கோ விடக்கூடாது. சாக்கடைக் குழாயில் விடுவதே முறை.

சட்டமும் இன்றைய நிலையும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அப்பகுதி 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 2001-ல் கல்பவளங்கள் அனைத்தும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்படி கடலிலிருந்து கல்பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். இறந்த பவளத்துண்டும் இதில் அடங்கும். பிற நாடுகளின் பவளத்தொட்டி நூல்களில் சொல்லப்படும் பலவற்றை இங்கு அப்படியே பின்பற்ற முடியாததற்கு இதுவே காரணம். குஞ்சுப்பொரிப்பகத்தில் பிறந்த மீன்களே இங்கு பாதுகாப்பான தேர்வு.

தூத்துக்குடியில் 1998-ல் நிறுவப்பட்ட சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம், ஜே.கே. பேட்டர்சன் எட்வர்ட் தலைமையில் 2002 முதல் சேதமுற்ற பாறைகளில் பவளத்துண்டுகளைச் சிமெண்டுத் தளங்களில் கட்டி நட்டுவருகிறது. அங்கு நீர் மாற்றும் வேலை கடலுடையது. ஆனால் கடல்நீரின் வெப்பத்தைக் குறைக்க எந்தப் பம்ப்பும் இல்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடை வெப்பத்தால் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. நீரின் வெப்பம் 30 டிகிரியைக் கடந்து பல நாட்கள் நீடிக்கும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் அது மீள்கிறது, இல்லையேல் இறக்கிறது.

தாமிரபரணி எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே புன்னைக்காயல் அருகே இந்தக் கடலில்தான் சேர்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலும் கழிவும் கரையோர நீரின் தெளிவைத் தீர்மானிப்பவற்றுள் அடங்கும். தெளிந்த நீரில்தான் பவளத்தின் நுண்பாசிக்கு ஒளி கிடைக்கும். தொட்டிக்குள் விழும் நீரின் தரத்தைத் தொட்டி வைத்திருப்பவர் அளக்கிறார். வளைகுடாவுக்குள் விழும் நீரின் தரம் டவுணிலும் பாளையங்கோட்டையிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் முடிவாகிறது.